கிரேன்காரியும் குழாய் இல்லாத கழிப்பறையும்

அந்த வார்ப்பாலையின் முன்வாசல் அறையில், வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு நேர் மேலே ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. மஞ்சள் தலைக்கவசம், தோல் கையுறை, பின்னால் பெரிய கிரேன். பக்கத்தில் முதலாளி. கிரேனையும் அவளையும் தானே பெற்று வளர்த்தவர் மாதிரி ஒரு நிற்பு. கீழே பொன்னெழுத்தில் ‘சம வாய்ப்பு, சம மரியாதை’ என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தால் ஆலைக்கு ஒரு விருது வந்தது. படத்தில் இருந்தவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது.

ஆலையில் அவளை எல்லாரும் மாடிவீட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கொட்டகையின் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன் மேல் ஓடுகிற கிரேன். கிரேனோடு ஒட்டிய ஒரு கண்ணாடிக் கூண்டு. நாற்பத்திரண்டு படி இரும்பு ஏணியில் ஏறித்தான் அந்தக் கூண்டுக்குப் போக வேண்டும். உலையிலிருந்து உருகிய இரும்பைக் கொப்பரையில் வாங்கி, கொட்டகையின் நீளத்துக்கும் கொண்டுபோய், வரிசையாக வைத்திருக்கும் மண் அச்சுகளின் மேல் நிறுத்திச் சாய்ப்பது அவள் வேலை. கொஞ்சம் ஆடினால் போதும், கீழே நிற்கிறவன் கதை முடிந்தது. அவள் கையில் கொப்பரை ஆடாது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்குவாள். அவளைக் கிண்டல் செய்கிறவர்கள்கூட அவள் சுமைக்குப் பக்கத்தில் பயமில்லாமல் நின்றார்கள்.

எட்டு வருஷம் மண் சலிக்கும் பகுதியில் இருந்தவள். இரண்டு கிரேன்காரர்கள் ஒரே மாதத்தில் வேறு இடம் போய்விட, உரிமத் தேர்வுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினாள். பதினோரு பேர் எழுதியதில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவனுக்கு உயரத்தில் தலை சுற்றியது. அவள் கூண்டேறிய இரண்டாவது வாரமே படம் எடுக்க ஆள் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் ஆலை படு சுறுசுறுப்பு.

மற்ற விஷயத்துக்கு வருவோம். உலைக் கொட்டகையில் கழிப்பறை ஆண்களுக்குத்தான். பெண்கள் கழிப்பறை பேக்கிங் கட்டிடத்தில். லாரிகள் திரும்பும் முற்றத்தைச் சுற்றி, எடை மேடையைத் தாண்டி, உள்வாசலில் அட்டையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். போக ஒன்பது நிமிஷம், வர ஒன்பது நிமிஷம். இடைவேளை பத்து நிமிஷம். இந்தக் கணக்கைப் போட எந்தப் படிப்பும் வேண்டாம். ஆனால் ஆலையில் படித்தவர்கள் ஒருவரும் போடவில்லை.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ் போடுகிற மாதிரி, தண்ணீர் வசதியோடு கழிப்பறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் போய் நல அதிகாரியிடம் கேட்டாள். அந்த மனிதருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். யாருக்காவது கை நசுங்கினால்கூட சிரித்துக்கொண்டே விசாரிப்பார். அவர் ஒரு வாரம் யோசித்தார். எட்டாம் நாள், ஆண்கள் கழிப்பறைக் கதவில் கயிறு கட்டி ஒரு பலகை தொங்கியது. ஒரு பக்கம் ‘ஆண்கள்’, திருப்பினால் ‘பெண்கள்’. அவள் போகும்போது திருப்பிக்கொள்ள வேண்டும், வரும்போது மறுபடி திருப்ப வேண்டும். ஒரு வார யோசனையில் பிறந்த பிள்ளை இது.

அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள் என்று ஃபோர்மேன் எப்போதோ கழற்றி எறிந்திருந்தார். அதனால் அவள் ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும். முதல் நாளே எவனோ வெளியிலிருந்து பலகையைத் திருப்பிவிட்டான். மூன்றாம் நாள் ‘பெண்கள்’ என்ற எழுத்துக்கு மேலே மீசை வரைந்திருந்தது. நாலாம் நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போகவில்லை. சிரிப்பு சாரிடம் போய் நின்றாள்.

“சட்டம் சமம்னுதானே சொல்லுது, சிஸ்டர்? ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சா அது எப்படிச் சமமாகும்?” என்றார் அவர்.

“சரிங்க சார். அப்ப உங்க ஆபீஸ் பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழட்டிடலாம். எல்லாரும் சமமா இருப்போம்.”

சிரிப்பு சார் சிரித்தார். எருமை மேல் மழை பெய்தாலும் அதற்குத் தோலாவது நனையும்.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், சாயங்காலம் வீடு திரும்பியபின் மறுபடி. நடுவில் ஒன்றுமில்லை. உலைச் சூடெல்லாம் மேலேதான் ஏறும். கூண்டு ஒரு அடுப்பு மாதிரி. உதடு வெடித்தது. மத்தியானத்துக்கு மேல் கண் முன்னால் பூச்சி பறந்தது. நாலு மாதம் தாங்கினாள். அப்புறம் ஒருநாள் குளிர்க் காய்ச்சலோடு படுத்தவளை அவள் புருஷன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். இவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிரேனுக்கு எண்ணெய் விடாமல் ஓட்டுவாயா என்றார். இல்லை என்றாள். உடம்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினார்: தினம் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை, தவறக் கூடாது.

புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்தபடியே உலகத்தை அளக்கிறவர். கரடியாகக் கத்தினால் காதில் விழாது, எழுதிப் போடு, காகிதத்துக்குத்தான் இவர்கள் பயப்படுவார்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் போனது.

பதில் வந்தது. இன்ன தேதியில் திடீர்ச் சோதனை நடக்கும் என்று ஆலைக்கும் ஒரு கடிதம் வந்தது. தேதி குறித்துச் சொல்லிவிட்டு வருகிற திடீர்ச் சோதனை.

சோதனைக்கு முந்தின நாலு நாள் ஆலை பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஏணியடியிலிருந்து நாற்பதடி தூரத்தில் உடைந்த அச்சுப் பெட்டிகளைப் போட்டுவைத்த ஒரு அறை இருந்தது. அதைக் காலி செய்தார்கள். ரோஸ் நிறத்தில் வண்ணம் அடித்தார்கள். பெண் என்றால் ரோஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி, வாஷ்பேசின், வெள்ளைவெளேரென்று கழிப்பறைத் தொட்டி, பித்தளைத் தாழ்ப்பாள், பிளாஸ்டிக் பூச்செண்டு, வாசலில் பெண் உருவம் போட்ட பலகை எல்லாம் வந்தன. குழாய் மட்டும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டுமென்றால் மண் அச்சுகள் இருக்கும் தரையைத் தோண்ட வேண்டும், வேலை நிற்கும். அதனால் சுவரில் ஒரு திருகுக் குழாயைச் செருகி, சிமென்ட் பூசிவிட்டார்கள். குழாய்க்குப் பின்னால் செங்கல். தொட்டியைத் தரையில் சிமென்டால் ஒட்டினார்கள். தொட்டிக்குக் கீழே பூமி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் சுரைக்காயை வெள்ளைப் பீங்கானிலேயே செய்து வைத்துவிட்டார்கள்.

சோதனை அதிகாரி வந்தார். சுத்தமான மனிதர். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, காதில் பேனா. டீ கொடுத்தபோதுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பேர்ப்பட்ட நேர்மை. அவள் மேலே கூண்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு சார் முன்னே போய் ரோஸ் அறையின் கதவை விரியத் திறந்தார். அதிகாரி பலகையைப் பார்த்தார். ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

“வேண்டாம், வேண்டாம். லேடீஸ் ரூம். ஒரு ஆம்பளை உள்ள போறது முறையில்லை.”

வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி, கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, குழாய் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் சரி போட்டார். பெண்கள் அறைக்குள் ஆண் போகக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு பெண் இருக்கிறாள், புகார் கொடுத்தவளே அவள்தான், அவளை இறங்கி வரச் சொல்லி உள்ளே அனுப்பிப் பார்க்கலாம் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை. நாற்பத்திரண்டு படிக்கு மேலே உட்கார்ந்திருந்தவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோப்பை மூடினார், போனார். கூடவே நின்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டது சிரிப்பு சார்.

வண்டி வாசலைத் தாண்டியதும் ரோஸ் அறைக்குப் பூட்டு விழுந்தது. பூச்செண்டில் தூசி படியுமாம்.

அடுத்த வாரம் அவள் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். கிரேன் பகுதிக்கு அருகில் பெண்களுக்கான தனிக் கழிப்பறை வசதி இல்லாத காரணத்தாலும், உங்கள் உடல்நலத்தையும் கண்ணியத்தையும் கருதியும், அடுத்த மாதத்திலிருந்து உங்கள் சம்மதத்தின் பேரில் பேக்கிங் பகுதிக்கு மாற்றப்படுகிறீர்கள். கீழே சிரிப்பு சாரின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. அதற்குள் இரண்டு ஆண்களைக் கிரேன் பயிற்சிக்கு அனுப்பியாகிவிட்டது. அவர்கள் திரும்ப மூன்று வாரம் ஆகும். அதுவரை மட்டும் மாடிவீட்டுக்காரி வேண்டும்.

குதிரை கீழே தள்ளியதோடு விடாமல் குழியும் பறித்தது. பெண்ணுக்காகப் போட்ட சட்டத்தையே காட்டி, பெண்ணை இறங்கச் சொல்கிறார்கள்.

பேக்கிங்கில்தான் அவள் தங்கச்சி வேலை பார்த்தாள். சொன்னவுடன் அவளுக்கு ஒரே சந்தோஷம். “வந்துடுக்கா. மின்விசிறி இருக்கு. பேசிக்கிட்டே லேபிள் ஒட்டலாம். எதுக்கு அந்தத் தடியனுங்க நடுவுல?” என்றாள். தங்கச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து ஓட்டாவிட்டால் கிரேன் உரிமம் செத்துப்போகும். ஒருமுறை இறங்கினால் இனி ஏற முடியாது. எட்டு வருஷம் மண் சலித்தபோது அவளைப் பார்த்துப் பேசியவர்கள் எல்லாரும் “தள்ளு” என்ற ஒரே சொல்லைத்தான் பேசினார்கள். மேலே போனபின் அந்தக் கொட்டகை முழுக்க அவள் கையைப் பார்த்து நின்றது. அவள் மணி அடித்தால் இருபது ஆண்கள் விலகினார்கள். அதை விட்டுவிட்டு அட்டைப் பெட்டியில் லேபிள் ஒட்ட அவளுக்கு மனசில்லை. அதை அவள் தங்கச்சியிடம் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

யோசனைக்கு விடை தபாலில் வந்தது. புகார் கொடுத்தவருக்கு அறிக்கையின் நகல் அனுப்ப வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. விதிப்படி அனுப்பியிருந்தார்கள். கிரேன் ஏணியிலிருந்து நாற்பதடியில் பெண்களுக்கான தனிக் கழிப்பறை தண்ணீர் வசதியுடன் உள்ளது, குறை ஏதுமில்லை. தையல்காரர் துணி வெட்டும் மேஜையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார்.

“ஒரே ஆளு, ஒரே கையெழுத்து. இதுல ரூம் இருக்கு. அதுல ரூம் இல்ல. ஒரே துணியைக் கையில வெச்சுக்கிட்டு, ஆபீசர்கிட்ட சட்டை தைச்சாச்சுங்கறான், நம்மகிட்ட துணியே இல்லைங்கறான்.”

“நான் கேக்கட்டுமாங்க?”

“கேளு. சத்தம் போடாம கேளு. உன் சத்தம் அவனுக்குச் சாக்கு.”

மறுநாள் வேலை தொடங்கும் முன்னே அவள் இரண்டு காகிதத்தையும் சிரிப்பு சாரின் மேஜையில் வைத்தாள்.

“எது பொய்னு சொல்லுங்க சார். அந்தப் பொய்யை விட்டுட்டு மத்ததுல கையெழுத்துப் போடறேன்.”

அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். ரூம் இருக்கிறதுதான், ஆனால் இப்போதைக்குப் பயன்பாட்டில் இல்லை, இருந்தும் இல்லாத மாதிரி, இல்லாமலும் இருக்கிற மாதிரி என்று ஏதோ சொன்னார். அவள் அப்படியே எழுதித் தரச் சொன்னாள். அவர் பேனாவைத் தொடவில்லை. அப்படியானால் சாவியைக் கொடுங்கள் என்றாள். இன்னும் திறப்பு விழா ஆகவில்லை, சிஸ்டர் என்றார்.

“சரிங்க சார். டாக்டர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகச் சொல்லியிருக்காங்க. பேக்கிங்குக்கே போய்க்கறேன். விதிப்படி இறங்கி, விதிப்படி ஏறுவேன்.”

அவர் தலையாட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. பாவம், அவர் ஒரு நாளாவது ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் ஒட்டியிருக்கும் விதிகளைப் படித்திருந்தால் புரிந்திருக்கும். ஓட்டுபவர் கூண்டை விட்டு இறங்கினால், கொக்கியில் சுமை இருக்கக் கூடாது. கொக்கியைத் தரையில் இறக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துச் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் பிரேக், கம்பிவடம், மணி மூன்றையும் சோதிக்காமல் கிரேனை அசைக்கக் கூடாது. கீழே முதலாளியின் கையெழுத்து. இத்தனை நாளும் அவள் இறங்காமலே இருந்ததால் அந்த விதிகளுக்கு வேலை இல்லாமல் இருந்தது.

அன்று அவள் மூன்று லிட்டர் பாட்டிலோடு ஏறினாள். கூண்டில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, கால்வாசியைக் குடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, உலையைத் திறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே கீழே குரல் கொடுத்தாள். உருகிய இரும்பை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிற ஆள் அவள் இல்லை. “அண்ணே, போயிட்டு வரேன். உலையைத் திறக்காதீங்க.” கொக்கியை இறக்கினாள், மின்சாரத்தை அணைத்தாள், சாவியோடு நாற்பத்திரண்டு படி இறங்கினாள். முற்றம், எடை மேடை, உள்வாசல், அட்டை. திரும்பி வந்து பிரேக்கைப் பார்த்தாள், வடத்தைப் பார்த்தாள், மணியை அடித்துப் பார்த்தாள். முழுசாக அரை மணி நேரம். உலையில் இரும்பு ஆறி, ஏடு கட்டி, மறுபடி சூடேற்ற வேண்டியதாயிற்று. இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு ஷிப்டில் இப்படி மூன்று தடவை. முதல் நாள் ஃபோர்மேன் திட்டினார். இரண்டாம் நாள் தலையில் கை வைத்து மண் குவியலில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஏணியடியில் காத்திருந்து கேட்டார்.

“ஏம்மா, வேணும்னே பண்றியா?”

“தாழ்ப்பாளைக் கழட்டினது நீங்க. தண்ணி குடிக்கறது நான். இதுல வேணும்னே பண்ணது யாருண்ணே?”

ஃபோர்மேன் வாயாடிதான், ஆனால் வேலை தெரிந்தவர். ஆறின இரும்பைப் பார்க்க அவருக்கு வயிறு எரியும். தாழ்ப்பாளைக் கழற்றிய கை நேராகச் சிரிப்பு சாரின் கதவைத் தட்டியது. சிரிப்பு சார் ஒரு யோசனை சொன்னார்: அவசரத்துக்கு அந்தத் திருப்புப் பலகையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த யோசனையை எங்கே தொங்கவிடலாம் என்று ஃபோர்மேன் சொன்ன இடத்தை இங்கே எழுத முடியாது.

ஐந்தாம் நாள் முதலாளியே வந்தார். வார்ப்புகள் ஏன் தாமதம் என்று கேட்டார். அந்த ரோஸ் ரூமில் தண்ணீர் விட்டால் கிரேன் ஓடும் என்றார் ஃபோர்மேன். அங்கேதான் தண்ணீர் இருக்கிறதே, நான் படத்தில் பார்த்தேனே என்றார் முதலாளி. எதையும் படத்தில் பார்த்தே பழகியவர். பூட்டைத் திறக்கச் சொல்லி, வாஷ்பேசினுக்கு முன்னால் நின்று, குழாயைத் திருகினார். குழாய் சிமென்டோடு பெயர்ந்து அவர் கைக்கு வந்துவிட்டது. ஓட்டையிலிருந்து கொஞ்சம் செங்கல் பொடி உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. மேலே கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், கடமை உணர்வோடு, பாட்டிலைத் திறந்து இன்னும் கொஞ்சம் குடித்தாள்.

முதலாளிக்குக் கோபம் வந்தது. அவள் நாலு மாதம் வறண்டதற்காக வரவில்லை, குழாய் கையோடு வந்ததற்காக வந்தது. எதற்காக வந்தால் என்ன? மூன்று நாள் வேலையை நிறுத்தித் தரையைத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் போனது. தொட்டியைப் பெயர்த்துச் சரியாக வைத்தார்கள்.

தண்ணீர் வந்த அன்றே அவள் சிரிப்பு சாரிடம் போய், மாற்றல் கடிதத்தை ரத்து செய்ததாக எழுதிக் கேட்டாள். அதுதான் வசதி வந்துவிட்டதே, இனி அந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை, சிஸ்டர் என்று சிரித்தார். அர்த்தமில்லை என்பதையே எழுதுங்கள் என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அதுவரை அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. எழுதி முத்திரை வைத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். பயிற்சி முடித்து வந்த இரண்டு பேரில் ஒருவன் அடுத்த ஷிப்டுக்குப் போனான். மற்றவனை அவளுக்கு மாற்றாளாகப் போட்டார்கள். அவன் முதல் நாள் ஏணியில் பாதியில் நின்று கம்பியைக் கட்டிக்கொண்டான்.

திறப்பு விழா இல்லாமல் விடுவார்களா? ரிப்பன், கத்தரிக்கோல், படம் எடுக்கிறவன், கூடவே அந்தச் சோதனை அதிகாரி. அவர் இந்தத் தடவையும் உள்ளே போகவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பு சார் கொட்டகையின் நடுவில் வந்து நின்று, மேலே பார்த்துக் கையை ஆட்டினார். சிஸ்டர், இறங்கி வாங்க, ரிப்பனை நீங்கதான் வெட்டணும், முதலாளி காத்துக்கிட்டிருக்கார்.

அவள் கொக்கியில் அப்போது ஒரு அச்சுப் பெட்டி, இரண்டு டன். அவள் மணியை அடித்தாள். கொட்டகைக்காரர்கள் எல்லாரும் விலகினார்கள். சிரிப்பு சாருக்கு மணியின் பொருள் தெரியாது. இன்னும் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவள் கண்ணாடியைத் தள்ளி எட்டிப்பார்த்தாள்.

“சுமைக்குக் கீழ நிக்காதீங்க சார். விதி.”

அவர் நிமிர்ந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. ரிப்பன் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு மண் குவியலில் கால் புதையப் புதைய ஓடினார். ஃபோர்மேன் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரிப்பனை முதலாளியே வெட்டிக்கொண்டார். அவள் பெட்டியைக் கொண்டுபோய் வரிசையில் இறக்கினாள். இன்னும் பதினாறு பெட்டி இருந்தது. அதையும் முடித்து, கொக்கியை இறக்கி, மின்சாரத்தை அணைத்துவிட்டு இறங்கியபோது விழாக்காரர்கள் டீ குடித்துக் கலைந்திருந்தார்கள். ரோஸ் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே தங்கச்சி காத்திருந்தாள். அக்காவின் அறையைப் பார்க்கவென்றே பேக்கிங்கிலிருந்து வந்திருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தவளிடம், எப்படிக்கா இருக்கு என்று கேட்டாள்.

“தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. எண்ணெய் விடணும்” என்றாள் மாடிவீட்டுக்காரி. “அடுத்த மாசம் உரிமத் தேர்வு வருதாம். உனக்கு உயரம்னா பயமா?”

தங்கச்சி ஏணியை அடியிலிருந்து நுனி வரை ஒருமுறை பார்த்தாள். தெரியலைக்கா, ஏறிப் பார்த்தாத்தான் தெரியும் என்றாள்.